கூட வாழ்ந்தோம், கூடப் போகவில்லை

தொழிற்சங்கக் கிளைக் கூட்டங்களில் அஜெண்டாவின் கடைசியில் சுயவிமர்சனம் என்று ஒன்று இருக்கும். சந்தா வசூல் குறைந்துபோனது, வாயிற்கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை, பேச்சுவார்த்தையில் சட்டென்று இறங்கிவிட்டோம் என்று ஒவ்வொருவராக எழுந்து ஒப்புக்கொள்வார்கள். லேலண்டு, என்ஃபீல்டு, வத்திப்பெட்டி கம்பெனி, எம்.ஆர்.எஃப்., துறைமுகம், அனல்மின் நிலையம் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பிழைத்த நம் தலைமுறைக்கு இது பழகிய சடங்கு. அந்த அஜெண்டாவில் வீடு மட்டும் வந்ததே இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரை எங்கே கூட்டிப்போனோம், அவர் சொன்னதில் எதைக் காதில் வாங்கினோம் என்று எந்தத் தோழரும் எழுந்து நின்று சொல்லிக் கேட்டதில்லை. விட்டுப்போன அந்தப் பகுதியை இங்கே சேர்த்துவிடலாம். 'நாம்' என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் வடசென்னைக் கணவன்மார் என்று படித்துக்கொள்ளுங்கள். விதிவிலக்காக இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எண்ணிக்கை உங்களுக்கே தெரியும்.

ஷிஃப்டைத்தான் முதல் சாக்காகச் சொல்வோம். அது பொய்யில்லை. காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். சாப்பாட்டு கேரியரைக் கட்டிக்கொடுக்க மனைவிமார் நாலு மணிக்கு எழுந்தார்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் நாம் பகலில் தூங்கியபோது, பிள்ளைகளைச் சத்தம் போடவிடாமல் வாசலிலேயே வைத்துச் சமாளித்தார்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவர் விழித்திருக்கும் நேரம் இன்னொருவருக்குத் தூங்கும் நேரம். ஆனால் ஷிஃப்ட் எட்டு மணி நேரம்தானே. மிச்சத்தின் கணக்கைக் கேட்டால் கொஞ்சம் ஓ.டி., கொஞ்சம் சங்க ஆபீஸ், கொஞ்சம் டீக்கடை பெஞ்ச், நிறைய தெருமுனை கேரம் கிளப். டாஸ்மாக்கைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கேரமுக்குப் பேர்போன பகுதி இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவர் திரும்பி வந்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், போனில் ஸ்டேட்டஸ் வைத்தோம். நம் தெருமுனை கிளப்பில் ஒரு சாயங்காலம், போர்டில் பவுடர் தூவி, வீட்டுக்காரம்மாவுக்கு ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுத்து 'ஒரு ஆட்டம் ஆடு' என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? தெருவுக்கே பொதுவான ஒரே இளைப்பாறும் இடத்தை ஆம்பளைக்கு என்று நாமே எழுதி வைத்துக்கொண்டோம்.

கூட்டிப்போகவே இல்லை என்று சொல்ல முடியாது. போனோம். பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம்., மற்றதுக்கெல்லாம் ஸ்டான்லி. செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார், வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன். கல்யாணம், காதுகுத்து, சாவு. தீபாவளிக்கு முன்னால் எம்.சி. ரோடு. எல்லாம் காரியமாகப் போன இடங்கள். அதிலும் நடந்த விதத்தைப் பாருங்கள். பத்தடி முன்னால் நாம், பின்னால் அவர்கள், நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளை. கூட்டத்தில் தவறிவிடக் கூடாதே என்று அவர்கள்தான் ஓடி ஓடி வந்தார்கள். எம்.சி. ரோடு துணிக்கடையில் புடவையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, "நல்லாக்குதாங்க?" என்று கேட்பார்கள். வெளியே யாரோ நிறுத்தியிருந்த வண்டியில் சாய்ந்தபடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்… எடு, சீக்கிரம் எடு" என்போம். அது நல்லாக்குதா இல்லையா என்று நமக்கு உண்மையிலேயே தெரியாது. பார்த்தால்தானே தெரியும்.

வருஷத்தில் ஒருமுறை, பொங்கல் முடிந்து காணும் பொங்கல் அன்று, மெரினா. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் கரையோரக் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. அதன் ஓரமாகத்தான் கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் உலாவும் பாதை போட்டார். சுவருக்கு வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். நமக்கு வர வேண்டிய மணலைப் பார்க்கத்தான் பஸ் ஏறிப் போய் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். கண்டெய்னர் லாரி வரிசைக்கும் கருங்கல்லுக்கும் நடுவில் ஒரு பெண் எங்கே உட்கார்ந்து காற்று வாங்குவாள் என்று மாநகராட்சியை நாம் கேட்டிருக்கலாம். போனஸ் கேட்டுப் போராடினோம், நிரந்தரம் கேட்டுப் போராடினோம். உட்கார ஓர் இடம் கேட்டதாக நினைவில்லை.

இருக்கிற இடங்களையும் காட்டவில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. அங்கிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. நாட்டில் இன்றும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். அந்தத் தூண்களைத் தாண்டி ஆயிரம் முறை வேலைக்குப் போனோம். கும்மிடிப்பூண்டி லைனில் மூட்டையோடு வந்து இறங்கிய மனைவியிடம் 'இது இன்னா எடம் தெரியுமா' என்று ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டவில்லை. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. முதல் பொதுக்கூட்டம் நடத்திய ராபின்சன் பூங்காவைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுவோம். அதே பூங்காவில் மனைவியோடு அரை மணி நேரம் உட்கார்ந்ததில்லை. எண்ணூர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் குடும்பத்தோடு காற்று வாங்க வந்த இடம். பர்மா பஜார் பக்கத்தில் அத்தோக் கடைகள் இருக்கின்றன. வாழைத்தண்டு போட்ட சூப், அதில் நொறுக்கிப்போட்ட பேஜோ, வெங்காயமும் பூண்டும் பொரித்துத் திணித்த அவித்த முட்டை. நண்பர்களோடு நின்றுகொண்டே தின்றோம். வீட்டுக்கு பார்சல் வந்தபோது பேஜோ நமுத்துப்போயிருந்தது. "இதுக்கா இவ்ளோ பேசுறீங்க?" என்று அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

சினிமா கதையும் அப்படித்தான். கல்யாணமான புதுசில் தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் ஒரு படம், பிறகு பிள்ளைகள் பிறந்தன, டிவி வந்தது. 1967இல் தொடங்கிய அந்தத் தியேட்டர் 2020இல் மூடியபோது நாம் விட்ட கண்ணீருக்கு அளவில்லை. கடைசியாக ஜோடியாக எந்தப் படத்துக்குப் போனோம் என்று கேட்டால் அவர்களுக்குத்தான் பேர் ஞாபகம் இருக்கும்.

ஊர் சுற்றாதது ஒரு பெரிய குற்றமா என்று கேட்பீர்கள். சுற்றாததால் வேறொன்று போயிற்று, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி பேச்சு என்றால் தண்ணி லாரி, ரேஷன், ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்பதுதான். அடுப்பில் ஒன்று கொதிக்கும், கதவை யாரோ தட்டுவார்கள். ஒரு மனுஷிக்கு இந்த ஊரைப் பற்றி, இந்த அரசியலைப் பற்றி, நம்மைப் பற்றி இருக்கிற அபிப்பிராயம் அங்கே வெளியே வராது. கை சும்மா இருக்கும்போது, எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும். அந்த மாதிரி நேரம் ஒன்றை நாம் உண்டாக்கவே இல்லை. அப்படியும் அவர்கள் சொன்னார்கள். வேலைக்கு நடுவே, பாதி வாக்கியமாக. நாம் அதைப் புலம்பல் என்று எடுத்துக்கொண்டோம்.

கூழ் வத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ராயபுரத்து மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, விடியற்காலையில் கிண்டிய கூழைப் பிழிந்து காயவைப்பார்கள். சாயங்காலம் எடுக்கப்போனால் வெள்ளை வத்தல் மேல் பொடிப்பொடியாகக் கருப்பு. துணியிலும் அதே கருப்பு. "இன்னாங்க, இந்த வருசம் வத்தலே போட முடில. எங்கேர்ந்துதான் வருதோ" என்பார்கள். "தூசிதாம்மா, தட்டிட்டு வறு" என்போம். அது எங்கிருந்து வருகிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் திறந்தவெளியில் குவித்திருந்த நிலக்கரியும் இரும்புத் தாதுவும்தான். அதை அள்ளி ஏற்றி இறக்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு. 2011இல் உயர்நீதிமன்றம் சொல்லி, சென்னைத் துறைமுகம் அந்தச் சரக்குகளைக் கையாள்வதை நிறுத்தியது. எண்ணூரில் இருக்கிற காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி போனது. ராயபுரத்தில் மாடி வெளுத்தது. எண்ணூர்ப் பக்கத்து மாடிகளில், அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே படிந்திருந்த மாடிகளில், இதுவும் சேர்ந்தது. நீதிமன்றத்தில் வக்கீல்கள் பேசியதை நம் வீட்டில் வத்தல் தட்டோடு நின்றுகொண்டு ஒருவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத்தில் அந்தக் கருப்புத் தூசியைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம். பயத்தை அவரிடம் சொல்லியிருந்தாலாவது சேர்ந்து யோசித்திருக்கலாம். அதையும் சொல்லாமல் தூசி என்று முடித்துவிட்டோம்.

வாடையும் அப்படித்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் மூக்கை எரிக்கிற மாதிரி ஒன்று வரும். பிள்ளை இருமும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியைத் தொங்கவிடுவது அவர்கள் வேலை. "கம்பெனி வாடைதான், பழகிடும்" என்பது நம் வேலை. ஆறும் அப்படித்தான். கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணியில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள், காலில் படுகிற சேறு மாறிவிட்டது, இறால் குறைந்துவிட்டது, தோல் அரிக்கிறது என்று எந்த ஆய்வறிக்கைக்கும் முன்னாலேயே சொன்னவர்கள்.

2023 டிசம்பர் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கொண்டுவந்து காட்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து படகு, வலை, சுவர் எல்லாவற்றிலும் அப்பியது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய அதே மனிதர்கள் மறுபடியும் வாளியோடு நின்றார்கள். அது காயும் முன், 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகிற அமோனியாக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் சனங்கள் மூச்சு முட்டி, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அதன்பின் அந்த உரத் தொழிற்சாலையை மூடச் சொல்லி நூறு நாளுக்கு மேல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அதன் முன்வரிசையில் பெண்கள். நம்மில் பலர் அன்றுதான் முதல்முறையாகத் தம் மனைவி மைக்கில் பேசிக் கேட்டோம். எந்த ராத்திரி எந்தப் பக்கமிருந்து வாடை வந்தது, எந்தப் பிள்ளைக்கு எப்போது மூச்சுத் திணறியது என்று அவர்கள் பேப்பர் இல்லாமல் சொன்னார்கள். சமையல்கட்டில் நாம் தட்டிக்கழித்த அதே வாக்கியங்கள்தாம். ஒரு வித்தியாசம், பந்தலில் யாரும் குறுக்கே பேசவில்லை.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய பாரம்பரியம் இருக்கிறது என்று பெண்கள் கிண்டல் செய்வதுண்டு. சுந்தரர் கதையைத்தான் சொல்கிறார்கள். கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்து ஆசைப்பட்டு, சிவனையே தூது விட்டார். திருவாரூரில் பரவையார் என்று ஒருவர் இருக்கிறாரே, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தால் சரி என்றார் சங்கிலியார். சுந்தரர் சாமியிடம், நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் வெளியே மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளுங்கள் என்று ஏற்பாடு பேசினார். சாமி அந்தப் பெண்ணின் கனவில் போய், மகிழடியில் வைத்துச் சத்தியம் வாங்கு என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டு சத்தியம் செய்தார், கல்யாணம் நடந்தது. வசந்தக் காற்று வீசியதும் திருவாரூர்த் திருவிழா நினைவுக்கு வந்து கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. பிறகு வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்ததும், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண் கிடைத்ததும் நமக்குப் பாடமாகவே தெரியும். கதை அவரோடு போய்விடுகிறது. சங்கிலியார் ஒற்றியூரிலேயே நின்றுவிடுகிறார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை அன்று கூட்டத்தில் நின்று கும்பிடும் நாம், தரிசனம் முடிந்து பத்தடி முன்னால் நடந்து வீடு திரும்புகிறோம்.

இதே ஊரின் மற்ற இரண்டு பெருமைகளையும் பாருங்கள். கடலோரத்தில் சமாதி கொண்டிருக்கும் பட்டினத்தார் மனைவியை விட்டு வந்தவர். ஏழுகிணறிலிருந்து தினமும் நடந்தே வந்து வடிவுடையம்மனைத் தொழுத வள்ளலார், கட்டாயத்தில் தாலி கட்டி, முதலிரவில் திருவாசகம் வாசித்தார் என்பார்கள். ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எதற்காக விட்டார்கள் என்பது உலகத்துக்குத் தெரியும். நாம் எதற்காக விட்டோம்? கேரமுக்கும் ஓ.டி.க்கும்.

மீனவர் குடும்பங்களில் ஒரு சங்கதி தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் படகு கட்டிப்போட்டிருக்கும், ஆண்கள் கரையில் இருப்பார்கள். சேர்ந்து இருக்க அரசாங்கமே கொடுத்த நேரம் மாதிரித் தோன்றும். நடப்பில் அந்த இரண்டு மாதமும் வலை பின்னுவதிலும் இன்ஜின் பழுதிலும் போகிறது, மீன் கூடையை நம்பிய வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்க அலைவது பெண்கள். அங்கே ஊர் சுற்றலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கடனைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நாம் மாறியதால் வந்ததில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது. அதே வருஷம் மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லாமல் பயணம். நம் மனைவிமார் நம்மைக் கேட்காமல் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். செவ்வாடை கட்டி மேல்மருவத்தூர், சுயஉதவிக் குழுவோடு ஒரு நாள் டூர், பௌர்ணமிக்கு மூன்று அம்மன். காலையில் மீஞ்சூருக்குப் பக்கத்தில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் ஒற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். புளிசாதம் கட்டிக்கொண்டு ஐந்தாறு பேர் சேர்ந்து போய், ரயிலில் ஒருவர் வீட்டுக் கதையை ஒருவர் சிரிக்கச் சிரிக்கப் பேசி வருகிறார்கள். அந்தக் கதைகளில் நாம் எப்படி வருகிறோம் என்று கேட்க எனக்கு ஆசைதான். தைரியம் இல்லை.

ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் அவரிடம் போய், 'எங்கே போகலாம், நீயே சொல்லு' என்று கேளுங்கள். திருவொற்றியூரில் ரயில் ஏறினால் மீஞ்சூருக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். எண்ணூர் தாண்டி ஆற்றுப்பாலம் வரும்போது ஜன்னலோரத்தை அவருக்கு விடுங்கள். அந்தத் தண்ணியைப் பார்த்து அவர் எதைச் சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள். "நீங்க வரவேணாம், நாங்க ஒரு செட்டாப் போறோம்" என்று சொன்னாரானால், அதுவும் அவருடைய கருத்துதான். அன்றைக்கு வீட்டில் இருந்து, தண்ணி லாரி வந்ததும் குடத்தை வரிசையில் வைத்துப் பிடித்து வையுங்கள்.